குடும்ப நிறுவனங்களில் பங்கு யாருக்கு, பதவி யாருக்கு? நீதிமன்றங்கள் வகுத்துள்ள எல்லைகள்

கொல்கத்தா: தந்தை தொடங்கிய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் 30 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் ஒருவரை, மீதிப் பங்குகளை வைத்திருக்கும் உடன்பிறந்தோர் ஒன்றுகூடி இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கிவிடுகின்றனர். அவரது மாத ஊதியம் நின்றுபோகிறது. ஈவுத்தொகை அறிவிக்கப்படுவதில்லை. பங்குகளை விற்க முயன்றால் வெளியார் எவரும் வாங்க முன்வருவதில்லை. முன்வந்தாலும் அவர் பெயரைப் பதிவுசெய்ய இயக்குநர் குழு மறுக்கிறது. கணக்கேட்டில் பெருமதிப்புள்ள சொத்து, கையில் ஒரு காசும் தராத ஆவணமாகச் சுருங்கிவிடுகிறது.

நாட்டின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் அடிக்கடி எழும் இத்தகைய வழக்குகளில் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் கடந்த அறுபது ஆண்டுகளாகத் தீர்ப்பளித்து வருகின்றன. அத்தீர்ப்புகளைத் தொகுத்து நோக்கினால் ஒரு போக்கு தெளிவாகிறது. பங்கு என்னும் சொத்துரிமையை நீதிமன்றங்கள் உறுதியாகக் காத்துள்ளன. பதவி, ஊதியம், நிர்வாகத்தில் இடம் ஆகியவற்றை, அவை எழுத்தில் இல்லாதபோது, அரிதாகவே காத்துள்ளன.

பாலிகஞ்சும் குடும்ப நிறுவனங்களும்

தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்ச், நாட்டின் பழைய வணிகக் குடும்பங்கள் பலவற்றின் குடியிருப்புப் பகுதி. இல்லத்தின் முகவரியையே பதிவு அலுவலக முகவரியாகக் கொண்ட நிறுவனங்கள் இங்கே உண்டு. கணவன், மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரே பங்குதாரர்களாகவும் இயக்குநர்களாகவும் அமைவது இத்தகைய நிறுவனங்களின் இயல்பு.

இப்பகுதியின் குருசதய் சாலையில் அமைந்துள்ள பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம், முன்னர் பிர்லா குடும்பத்தின் இல்லமாக இருந்து நாட்டுக்கு நன்கொடையாக வழங்கப்பட்ட கட்டடத்தில் 1959 மே 2 அன்று திறக்கப்பட்டது. அதே குடும்பத்தின் ஒரு கிளையில் 2004-இல் எழுந்த உயில் வழக்கு, குடும்பக் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களின் உரிமை குறித்து இந்திய நீதிமன்றங்கள் கண்ட மிக நீண்ட வழக்குகளுள் ஒன்றாயிற்று. அவ்வழக்கு எழுப்பிய கேள்வி, நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனத்துக்கும் பொருந்துவதாகும். அதைக் காணுமுன் அடிப்படைச் சட்டநிலையை அறிதல் வேண்டும்.

கூட்டாண்மைக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு

பேச்சுவழக்கில் இரண்டிலும் சேர்ந்திருப்போரைப் பங்குதாரர் என்றே அழைப்பது வழக்கம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு.

1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாண்மைத் தொழிலில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் நிர்வாகத்தில் கலந்துகொள்ளும் உரிமை உண்டு. கணக்குகளைப் பார்வையிடும் உரிமையும் உண்டு. தொழிலின் தன்மையையே மாற்றுவதாயின் அனைவரின் இசைவும் வேண்டும். ஒப்பந்தத்தில் அதிகாரம் தரப்பட்டிருந்து, அதை நேர்மையுடன் பயன்படுத்தினால் அன்றி, ஒரு கூட்டாளியைப் பெரும்பான்மையினர் வெளியேற்ற இயலாது. கால வரையறையற்ற கூட்டாண்மையை, எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து எந்தக் கூட்டாளியும் கலைத்துவிடலாம்.

கூட்டாளி ஒருவர் இறந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூட்டாண்மை கலைந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மையில் ஒருவர் இறந்தால், ஒப்பந்தம் எவ்வாறிருப்பினும் அது முடிவுக்கு வரும் என உச்ச நீதிமன்றம் 2010-இல் மீண்டும் உறுதிசெய்தது. எஞ்சியிருக்கும் ஒருவர் தம்மோடு தாமே கூட்டாண்மை நடத்த இயலாது என்பதே அதற்கான காரணம்.

நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் நிலைமை மாறுகிறது. நிறுவனம் தன் உறுப்பினர்களிடமிருந்து வேறான சட்ட நபர். ஆகவே உறுப்பினர் இறந்தாலும் நிறுவனம் தொடரும். கடனுக்கு உறுப்பினரின் பொறுப்பு அவரது பங்கின் அளவோடு நின்றுவிடும். இந்த நன்மைகளுக்கு ஈடாக, உறுப்பினர்கள் பெரும்பான்மையின் ஆட்சியை ஏற்கின்றனர். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய நிறுவனம் தன் அமைப்பு விதிகளில் பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை 200-ஐத் தாண்டக் கூடாது. பங்கு வாங்கப் பொதுமக்களை அழைக்கக் கூடாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த உச்சவரம்பு 50 ஆக இருந்தது.

பங்கு தரும் உரிமை

நிறுவனத்தின் நிலமும் கட்டடமும் இயந்திரமும் நிறுவனத்துக்கே உரியவை. பங்குதாரருக்கு அவற்றில் நேரடி உரிமை இல்லை என உச்ச நீதிமன்றம் 1954-இல் பச்சா குஸ்தார் வழக்கில் தெளிவுபடுத்தியது. அறிவிக்கப்படும் ஈவுத்தொகையில் ஒரு பகுதி, நிறுவனம் கலைக்கப்பட்டால் கடன்போக எஞ்சும் சொத்தில் ஒரு பகுதி, கூட்டங்களில் வாக்கு ஆகியவையே பங்கின் உள்ளடக்கம். எனவே, 40 விழுக்காடு பங்கு வைத்திருப்பவர் நிறுவனத்தின் கட்டடத்தில் 40 விழுக்காட்டைப் பிரித்துக் கேட்க இயலாது.

பங்கின் அளவைப் பொறுத்து அதன் வலிமை மாறுகிறது. பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பகுதி வைத்திருப்போர் சிறப்புப் பொதுக்கூட்டத்தைக் கூட்டுமாறு கோரலாம். ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு ஆகியவற்றுக்கு எதிராகத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யவும் தகுதி பெறுகின்றனர். மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினரும் அவ்வாறு மனுச் செய்யலாம். இந்தத் தகுதி வரம்பைத் தக்க காரணம் இருப்பின் தளர்த்தும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

25 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர், கூட்டத்தில் வாக்களித்து, அமைப்பு விதிகளைத் திருத்தும் சிறப்புத் தீர்மானத்தைத் தடுத்து நிறுத்த முடியும்; அத்தகைய தீர்மானத்துக்கு, எதிராக விழும் வாக்குகளைப்போல் மும்மடங்கு ஆதரவு வேண்டும். ஆனால் இயக்குநரை நீக்கச் சாதாரணத் தீர்மானமே போதுமானது. சிறப்பு அறிவிப்புக் கொடுத்து, நீக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்டபின், பாதிக்கு மேற்பட்ட வாக்குகளால் அவரை வெளியேற்றலாம். 49 விழுக்காடு பங்கு வைத்திருப்பவரும் இதற்கு விலக்கல்லர். சிறு நிறுவனங்களில் ஈவுத்தொகைக்குப் பதிலாக இயக்குநர் ஊதியமாகவே வருமானம் பகிரப்படுவது வழக்கம் என்பதால், பதவி போகும்போது வருமானமும் போகிறது.

ஒடுக்குமுறை என்பது எது?

சாந்தி பிரசாத் ஜெயின் எதிர் கலிங்கா டியூப்ஸ் வழக்கில் 1965-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இத்துறையின் அடித்தளம் எனலாம். அன்றைய ஒரிசாவில் பட்நாயக், லோகநாதன் ஆகிய இருவர் 1950-இல் தொடங்கிய தனியார் நிறுவனத்தில், 1954-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றின்மூலம் ஜெயின் மூன்றாமவராகச் சேர்ந்தார். மூன்று தரப்பினரும் சமமான பங்கு வைத்திருப்பது என்பது ஏற்பாடு. பின்னர்ப் பொது நிறுவனமாக மாற்றப்பட்ட அந்நிறுவனம், 1958-இல் புதிய பங்குகளை வெளியார் சிலருக்கு ஒதுக்கியது. சமநிலை குலைந்துவிட்டது என ஜெயின் முறையிட்டார்.

அவரது மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. அந்த ஒப்பந்தம் அமைப்பு விதிகளில் இடம்பெறவில்லை. ஆகவே நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது என நீதிமன்றம் கூறியது. ஒடுக்குமுறைக்கான அளவுகோலையும் வகுத்தது. செயல் சுமையானதாகவும் கடுமையானதாகவும் முறையற்றதாகவும் இருத்தல் வேண்டும். பங்குதாரர் என்ற முறையில் ஒருவருக்குள்ள சொத்துரிமையைப் பாதிக்கும் நேர்மையின்மை அதில் வெளிப்பட வேண்டும். உறுப்பினர்களுக்கிடையே நம்பிக்கை குலைந்துவிட்டது என்பது மட்டும் போதாது. இந்த அளவுகோலே இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது.

கூட்டாண்மை போன்ற நிறுவனம்

பெயரளவில் நிறுவனமாகவும் உள்ளடக்கத்தில் கூட்டாண்மையாகவும் இயங்கும் தொழில்களை எவ்வாறு அணுகுவது என்ற கேள்விக்கு, இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1972-இல் எப்ராஹிமி வழக்கில் விடையளித்தது. இருவர் பல ஆண்டுகள் கூட்டாண்மையாக நடத்திவந்த கம்பள வணிகம் 1958-இல் நிறுவனமாக்கப்பட்டது. பின்னர் ஒருவரின் மகனும் இயக்குநரானார். தந்தையும் மகனும் சேர்ந்து 1969-இல் மற்றவரை நீக்கினர். இலாபம் முழுவதும் இயக்குநர் ஊதியமாகவே வழங்கப்பட்டதால், நீக்கப்பட்டவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. நீக்கம் சட்டப்படி செல்லத்தக்கதாயினும், பரஸ்பர நம்பிக்கையின் பேரில் அமைந்த அந்நிறுவனத்தைக் கலைப்பதே நியாயம் எனத் தீர்ப்பாயிற்று.

இக்கோட்பாடு இந்தியாவில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, கல்கத்தாவிலிருந்து சென்ற வழக்கு ஒன்று தீர்மானித்தது. ஹிந்த் ஓவர்சீஸ் என்னும் தனியார் நிறுவனத்தில் சிறுபான்மைத் தரப்பினர், பெரும்பான்மைத் தரப்பின்மீது நம்பிக்கை இழந்ததாகக் கூறி, நிறுவனத்தைக் கலைக்குமாறு கோரினர். கலைக்கலாம் என்ற கல்கத்தா உயர் நீதிமன்ற அமர்வின் முடிவை 1975 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களோ, நண்பர்களும் உறவினர்களுமோ சேர்ந்து நிறுவனம் அமைக்கும்போது, நிர்வாகத்தில் பங்குபெறும் உரிமை குறித்து உடன்பாடு எதுவும் இல்லையெனில், கூட்டாண்மைக் கலைப்புக்கான நெறிகளைத் தாராளமாகப் புகுத்த முடியாது என அத்தீர்ப்பு கூறியது. நிறுவனக் கலைப்பு கடைசித் தீர்வாகவே இருத்தல் வேண்டும் எனவும் அது வலியுறுத்தியது.

1996-இல் கில்பெஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கியது. நிறுவனம் அமைப்பதன் நன்மைகளைத் தெரிந்தே தேர்ந்துகொண்டோர் அச்சட்டத்துக்குத் தாமாகவே கட்டுப்படுகின்றனர். ஆகவே நிறுவனத்தைக் கூட்டாண்மை போன்றது எனக் கருத வேண்டும் என்ற வாதத்தை எளிதில் ஏற்கலாகாது என்றது. டாடா சன்ஸ் நிறுவனத் தலைவர் பொறுப்பிலிருந்து சைரஸ் மிஸ்திரி 2016 அக்டோபர் 24 அன்று நீக்கப்பட்டது தொடர்பான வழக்கிலும் இதே போக்கு வெளிப்பட்டது. மிஸ்திரி குடும்பத்தின் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துக்கு அந்நிறுவனத்தில் 18.37 விழுக்காடு பங்கு இருந்தது. பதவி நீக்கம் மட்டுமே ஒடுக்குமுறை ஆகாது என உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 26 அன்று தீர்ப்பளித்தது.

புதிய பங்குகளும் பழைய சமநிலையும்

பதவியைக் காக்கத் தயங்கும் நீதிமன்றங்கள், பங்கின் விகிதத்தை மறைமுகமாகக் குறைக்கும் முயற்சிகளைக் கடுமையாக நோக்கியுள்ளன. நீலகிரி மாவட்டம் கேத்தியில் ஊசி உற்பத்தி செய்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் வழக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

ஆங்கிலேயத் தரப்பின் பிடித்த நிறுவனம் அதில் மொத்தமுள்ள 32,000 பங்குகளுள் 18,990 பங்குகளை, அதாவது 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான அளவை, வைத்திருந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி அதை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. 1977-இல் இயக்குநர்கள் 16,000 புதிய பங்குகளை, பங்கொன்றுக்கு 100 ரூபாய் முகமதிப்பில் வெளியிட்டனர். ஆங்கிலேயத் தரப்புக்கு அறிவிப்பு உரிய காலத்தில் சென்றடையாததால், அதன் பகுதியும் இந்தியத் தரப்பினருக்கே சென்றது. இதை எதிர்த்து அத்தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் 1981 மே மாதம் அளித்த தீர்ப்பில், சட்டத்துக்கு இணங்கவே பங்குகள் வெளியிடப்பட்டன என்பதால் அது ஒடுக்குமுறை ஆகாது எனக் கூறினார். ஆயினும், 190 ரூபாய் பெறுமதியுள்ள பங்குகளை இந்தியத் தரப்பினர் 100 ரூபாய்க்குப் பெற்றதனால் விளைந்த ஆதாயத்தை விட்டுவிடவில்லை. ஆங்கிலேயத் தரப்புக்கு உரியதாயிருந்த 9,495 பங்குகளுக்கு, பங்கொன்றுக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயை அத்தரப்புக்குச் செலுத்துமாறு உத்தரவிட்டார். ஒடுக்குமுறை மெய்ப்பிக்கப்படாத நிலையிலும் தரப்பினரிடையே நீதி செய்ய இயலும் என்ற நெறி இதிலிருந்து வலுப்பெற்றது. சட்டத்துக்கு முரணான ஒற்றைச் செயல் தன்னளவில் ஒடுக்குமுறை ஆகிவிடாது. சட்டப்படி சரியான செயலும் சூழலைப் பொறுத்து ஒடுக்குமுறை ஆகலாம் என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

டேல் அண்ட் கேரிங்டன் வழக்கில் நிலைமை வேறாக இருந்தது. வெளிநாட்டில் பணிபுரிந்த தம்பதியர், கேரளத்தில் விடுதித் தொழிலில் முதலிட்டு, நிர்வாகத்தை மேலாண் இயக்குநரிடம் ஒப்படைத்திருந்தனர். அவர் தமக்கே புதிய பங்குகளை ஒதுக்கிக்கொண்டு, பெரும்பான்மையாக இருந்தவர்களைச் சிறுபான்மை ஆக்கினார். இயக்குநர் என்பவர் நம்பிக்கைப் பொறுப்பாளர். தம் ஆதாயத்துக்காகப் பங்கு ஒதுக்க அவருக்கு உரிமையில்லை என 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அந்த ஒதுக்கீட்டைச் செல்லாததாக்கியது. பாதிக்கப்பட்டவரின் பங்குகளைத் தவறிழைத்தவரே வாங்கிக்கொள்ளலாம் என நிறுவனச் சட்ட வாரியம் வழங்கியிருந்த வாய்ப்பும் நிலைக்கவில்லை. ஒடுக்கியவருக்கே நிறுவனத்தைப் பரிசாகத் தருவது நீதியாகாது என்பது அத்தீர்ப்பின் மையம்.

எழுத்தில் இல்லாத குடும்ப ஏற்பாடு

குடும்ப நிறுவனங்களை அதிகம் பாதித்த தீர்ப்பு, 1991 நவம்பரில் வெளியான வி.பி. ரங்கராஜ் வழக்குத் தீர்ப்பாகும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் இரு கிளைகள் ஒரு தனியார் நிறுவனத்தில் சமமான பங்குகளை வைத்திருந்தன. எவரேனும் பங்கை விற்க விரும்பினால் முதலில் தம் கிளையினருக்கே தர வேண்டும் என்பது வாய்மொழி உடன்பாடு. ஒருவர் அதை மீறி மற்றக் கிளைக்கு விற்றார்.

விற்பனை செல்லும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு அமைப்பு விதிகளில் இடம்பெற்றிருந்தால் மட்டுமே அது நிறுவனத்தையும் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தும் என்பதே காரணம். பொது நிறுவனங்களின் பங்கு மாற்றம் குறித்த ஒப்பந்தங்களைச் செயற்படுத்தலாம் எனப் பின்னர் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு கூறியபோதிலும், தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை ரங்கராஜ் தீர்ப்பே தொடர்ந்து மேற்கோள் காட்டப்படுகிறது.

விதிகளில் கட்டுப்பாடு இருப்பினும் இயக்குநர்களுக்கு வரம்பற்ற அதிகாரம் இல்லை. பங்கு மாற்றத்தைப் பதிவுசெய்ய மறுத்தால், காரணத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அவ்வறிவிப்புக் கிடைத்த 30 நாட்களுக்குள் பங்கு வாங்கியவர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அறிவிப்பே வரவில்லையெனில், ஆவணம் ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாட்கள் அவகாசம் உண்டு.

முட்டுக்கட்டை ஏற்பட்டால்

இரு தரப்பும் சம வலிமையுடன் மோதும்போது நிறுவனமே முடங்கிப்போகும். தமிழ்நாட்டில் தந்தையும் மகனும் மட்டுமே இயக்குநர்களாக இருந்த ஒரு நூற்பாலை நிறுவனத்தில் இந்நிலை ஏற்பட்டது. எம்.எஸ்.டி.சி. ராதாரமணன் வழக்கு எனப்படும் அதில், 2008-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறை சார்ந்த அணுகுமுறையை மேற்கொண்டது. ஒடுக்குமுறை முழுமையாக மெய்ப்பிக்கப்படாவிட்டாலும், முட்டுக்கட்டையை நீக்கி நிறுவனத்தைக் காப்பாற்ற, ஒருவரின் பங்கை மற்றவர் உரிய மதிப்பீட்டில் வாங்குமாறு உத்தரவிடலாம் என்றது.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 242-ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு விரிவான அதிகாரம் தருகிறது. நிறுவனத்தின் எதிர்கால நிர்வாகத்தை அது ஒழுங்குபடுத்தலாம். ஒரு தரப்பின் பங்கை மற்றத் தரப்போ நிறுவனமோ வாங்கச் செய்யலாம். ஒப்பந்தங்களை மாற்றலாம் அல்லது நீக்கலாம். மேலாண் இயக்குநரை அகற்றலாம். முறையற்ற ஆதாயத்தைத் திரும்பப் பெறலாம். நடைமுறையில் சிறு நிறுவன வழக்குகள் பெரும்பாலும் பங்கு விலையில்தான் வந்து முடிகின்றன. எந்த நாளைய மதிப்பு, எந்த மதிப்பீட்டாளர், நிலத்தின் சந்தை விலை சேருமா என்பவையே இறுதிக்கட்ட வாதங்கள் ஆகின்றன.

இத்தகைய மனுக்களை முன்னர் உயர் நீதிமன்றங்கள் விசாரித்தன. 1991 முதல் நிறுவனச் சட்ட வாரியமும், 2016 ஜூன் 1 முதல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமும் விசாரித்து வருகின்றன. மேற்கு வங்க நிறுவனங்களுக்குத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வும், தமிழ்நாட்டு நிறுவனங்களுக்குச் சென்னை அமர்வும் உரியவை. அமர்வின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 45 நாட்களுக்குள்ளும், அதன்பின் சட்டக் கேள்வி இருப்பின் உச்ச நீதிமன்றத்தில் 60 நாட்களுக்குள்ளும் முறையிடலாம்.

வாரிசுக்குச் செல்வது எது?

பங்குதாரர் இறந்தபின் எழும் கேள்விகளில்தான் குருசதய் சாலையின் நினைவு மீண்டும் வருகிறது. தொழிலதிபர் மாதவ் பிரசாத் பிர்லா 1990-இல் காலமானார். அவருடைய மனைவி பிரியம்வதா தேவி பிர்லா 2004 ஜூலை 3 அன்று மறைந்தார். 1999 ஏப்ரல் 18 அன்று அவர் எழுதியதாகக் கூறப்பட்ட உயில், சொத்துகளைத் தணிக்கையாளர் ராஜேந்திர சிங் லோதாவுக்கு உரியதாக்கியது. தம்பதியர் 1980-களின் தொடக்கத்தில் எழுதிய உயில்களின்படி சொத்து அறப்பணிகளுக்கே செல்ல வேண்டும் எனப் பிர்லா குடும்பத்தினர் எதிர்த்தனர்.

வழக்கின் ஒரு கட்டத்தில், 2008 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம், உயிலை எதிர்க்க வருபவருக்கு இறந்தவரின் சொத்தில் உண்மையான உரிமைத் தொடர்பு இருத்தல் வேண்டும் எனக் கூறியது. குடும்பப் பெயர் மட்டும் அத்தொடர்பைத் தந்துவிடாது. லோதா 2008 அக்டோபரில் காலமானபின் வழக்கை அவருடைய வாரிசுகள் தொடர்ந்தனர்.

குழுமத்தின் நிறுவனங்கள் ஒன்றின் பங்கை மற்றொன்று வைத்திருக்கும் வகையில் பின்னப்பட்டிருந்தன. இறந்தவரின் பெயரில் நேரடியாக உள்ள பங்குகள் மட்டுமே அவரது சொத்தா, அப்பின்னலின்வழி அவர் செலுத்திவந்த கட்டுப்பாடும் சொத்தா என்பதே முக்கியக் கேள்வியாயிற்று. ஹர்ஷ வர்தன் லோதா குழும நிறுவனங்களில் பொறுப்பு வகிக்கக் கூடாது என 2020 செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். இரு நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பர் 14 அன்று அதை நீக்கியது. உயில் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம், வழக்கில் இல்லாத நிறுவனங்களின் உள்நிர்வாகத்தில் தலையிட இயலாது. இறந்தவரின் பெயரிலுள்ள சொத்தோடு அதன் எல்லை நின்றுவிடுகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். உயில் செல்லுமா என்பது தனியாகத் தீர்மானிக்கப்பட வேண்டியது.

அதே நாளில் உச்ச நீதிமன்றம் சக்தி எஸ்தானி வழக்கில், பங்குகளுக்கு நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் அவற்றின் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை எனத் தீர்ப்பளித்தது. நியமனம், பங்குகளைப் பெற்றுக் காக்கும் ஏற்பாடு மட்டுமே. இறுதி உரிமையை வாரிசுரிமைச் சட்டமோ உயிலோ தீர்மானிக்கும். மறுபுறம், வாரிசு என்ற உரிமையே வழக்கில் இருக்கும்போது, அந்த உரிமையை முன்வைத்து ஒடுக்குமுறை மனுத் தாக்கல் செய்ய முடியாது என 2020 ஜூலையில் அருணா ஓஸ்வால் வழக்கில் கூறப்பட்டது. முதலில் உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட வேண்டும். வாரிசுரிமையில் ஐயமில்லாதபோது, பெயர் இன்னும் பதிவேட்டில் ஏறாத சட்டப்படியான வாரிசுகளும் மனுச் செய்யலாம் என்பது அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் ஏற்ற நிலை.

வங்கத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வங்காள இந்துக்களுக்குரிய தாயபாக முறையில், தந்தை உயிருடன் இருக்கும்வரை அவரது சொத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இல்லை. கொல்கத்தாவில் வாழும் மார்வாரிக் குடும்பங்களுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பொருந்தும் மிதாட்சர முறையில், கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை வரும். மகள்களுக்கும் அவ்வுரிமை உண்டென 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. தந்தை 2005 செப்டம்பர் 9 அன்று உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும் ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பங்குகள் கூட்டுக்குடும்பச் சொத்து ஆவதில்லை. ஆகவே பங்குகள் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டன என்பது பல வழக்குகளில் முதற்கேள்வி ஆகிறது.

நிறுவனம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட தீர்ப்புகளிலிருந்து நடைமுறைக்கு உகந்த சில முடிவுகளைப் பெறலாம்.

பங்கை முதலில் யாருக்கு விற்க வேண்டும், விலையை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பவை அமைப்பு விதிகளிலேயே இடம்பெற வேண்டும். தனி ஒப்பந்தமோ வாய்மொழி உறுதியோ போதாது.

ஒவ்வொரு கிளைக்கும் இயக்குநர் குழுவில் இடம் உண்டு என்பது நோக்கமாயின், அதுவும் விதிகளில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்படாத இடத்தை நீதிமன்றம் மீட்டுத் தரும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

புதிய பங்கு வெளியீட்டுக்கான அறிவிப்பு எல்லா உறுப்பினருக்கும் உரிய காலத்தில் சென்றதற்கான சான்று இருத்தல் வேண்டும். அறிவிப்பைப் பெற்றவர் உரிய நாளுக்குள் பதிலளிக்கத் தவறினால், பின்னர்த் தம் பங்கின் விகிதம் குறைந்ததாக முறையிடுவது கடினம்.

முறைகேடு தெரிந்தபின் காலந்தாழ்த்துவதும் இடர்ப்பாடே. தீர்ப்பாய மனுக்களுக்கும் காலவரையறைச் சட்டம் பொருந்தும் என 433-ஆம் பிரிவு கூறுகிறது. தனியே காலம் குறிக்கப்படாத மனுக்களுக்கு அச்சட்டம் வகுக்கும் எல்லை மூன்று ஆண்டுகள். கூட்ட அறிவிப்புகள், நடவடிக்கைக் குறிப்புகள், ஆண்டுக் கணக்குகள், பங்குச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் படிகளை ஒவ்வொரு பங்குதாரரும் தம்மிடம் வைத்திருப்பது அவசியம். நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படும் ஆண்டு விவர அறிக்கையைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். தம் பங்கு எண்ணிக்கை மாறியுள்ளதா என்பதை அதன்வழி அறியலாம்.

நியமனதாரரைக் குறித்துவிட்டதால் வாரிசுச் சிக்கல் தீர்ந்துவிடாது. உயில் எழுதுவோர், தம் பெயரில் நேரடியாக எத்தனை பங்குகள் உள்ளன, மற்ற நிறுவனங்கள்வழி எத்தனை உள்ளன என்பதைப் பிரித்துக் குறிப்பிடுதல் நன்று. முன்னவை மட்டுமே உயிலின்வழி வாரிசுக்குச் செல்பவை.